இரட்டைக்குழலில் இருந்த நீலத் துணி

"தூக்கிக்கிட்டு நடக்கறது வேற, பிரிச்சு மாட்டறது வேற புள்ள. உங்கப்பன் தூக்கிக்கிட்டு நடந்தவன். நீ பிரிச்சிருவியா?"

எங்கள் ஊரில் பாதி வயலுக்கு ஒரு காலத்தில் சொந்தக்காரராக இருந்த ஐயா அப்படிக் கேட்டார். தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடையின் மேசைமேல் நீளமான கித்தான் பை ஒன்றை வைத்துவிட்டுத்தான் கேட்டார். உள்ளே நுழைந்தபோது அவர் என்னைக் கவனிக்கவில்லை. முதலாளி என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் வேலை பாக்குது, நன்னிலம் பக்கம்தான்" என்று சொன்ன பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். எந்தத் தெரு, யார் மகள் என்று இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். வகுப்பில் பெண்கள் மொத்தம் மூன்று பேர். லேத்தில் என் கை நன்றாக வரும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கடையில் முன்பு இருந்த மிஸ்திரி வளைகுடாவுக்குப் போய்விட, அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. முதலாளிக்கு லைசென்ஸும் சட்டமும் அத்துப்படி. ஸ்குரூ டிரைவரை மட்டும் தொடமாட்டார். அதுவரை நான் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறேன், வங்கிக் காவலர்களின் துப்பாக்கிகளைத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். முழுதாக ஒரு பழைய துப்பாக்கியைப் பிரித்துச் சீராக்கியதில்லை.

ஐயா பையை அவிழ்த்தார். நான் சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி. கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குழலின்மேல் வரிசையாகச் சொறிபோல் துருப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர்கள் வீட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்த இடங்கள். தோட்டா போடுவதற்குக் குழலை மடக்கித் திறக்கவே முடியவில்லை. இரண்டு வாயிலும் குளவி மண் பூசி அடைத்திருந்தது.

"பாத்தியா? இதான் உங்கப்பன் வெச்சிருந்த லட்சணம். தொடைக்கிறேன் தொடைக்கிறேன்னு வருஷா வருஷம் வந்து நிப்பான். தொடைச்ச அழகு இது. கெட்டதே அவன் கையாலதான்."

முதலாளி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். துப்பாக்கியைத் தன் மகள் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார் ஐயா. பேராவூரணிப் பக்கம் இருக்கும் தென்னந்தோப்பை அந்த அக்காதான் பார்த்துக்கொள்கிறார். மாற்றுவதற்கு முன்னால், சுடுகிற நிலையில் இருக்கிறது என்று கடையில் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

"நானே பாக்குறேங்க ஐயா," என்றேன். "எதால கெட்டுச்சுன்னும் பாத்துச் சொல்றேன்."

"சொல்லு, சொல்லு. படிச்ச புள்ளல்ல," என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அப்பா இறந்தது நான் டிப்ளமா கடைசி வருடத்தில் இருந்தபோது. கார்த்திகை மாதம், விடாத மழை. அவர் கையில் நிலம் இருந்ததில்லை. நடவு, அறுப்பு, வாய்க்கால் வெட்டு என்று எல்லா வேலையும் செய்தவர். ஆனால் அவர் யாரென்று கேட்டால் ஊரில் "தோக்கு தூக்குறவரு" என்றுதான் சொல்வார்கள். அறுப்பு முடிந்த வயலில் ஐயா உள்ளான் குருவி சுடப் போகும்போது அப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போவார். நீட்டும்போது கொடுப்பார், சுட்டதும் வாங்குவார், சேற்றில் இறங்கிப் பறவையைத் தேடி எடுத்து வருவார். ஒருநாள் அப்பா எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலேயே ஐயா அவர் காதோரமாகச் சுட்டுவிட்டார். அன்றைக்கு அப்பாவின் இடது காது கேட்காமல் போய்விட்டது. வீட்டில் நாங்கள் எல்லாம் அவருடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துதான் பேசுவோம். ஒருமுறைகூட அந்தத் துப்பாக்கியை அவர் சுட்டதில்லை. சுட வேண்டும் என்று ஆசைப்பட்டதாகவும் சொன்னதில்லை. "எங்கையி படலேன்னா அது எப்பவோ பழைய இரும்பா போயிருக்கும்" என்று மட்டும் சொல்வார். அவர் தன்னைப்பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்தப் பெருமைக்கும் ஒருமுறை அடி விழுந்தது. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். களத்தில் நெல் தூற்றும் நாளில் ஐயா துப்பாக்கியை எடுத்தபோது ஒரு குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. "நான் பாக்காம சுட்டிருந்தா செத்திருப்பேன்டா" என்று எல்லா ஆள்களுக்கும் முன்னால் அப்பாவைத் திட்டினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, வாய் அடைந்த குழல் வெடித்துவிடும். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வலது காதை எங்களுக்குக் கொடுக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதனால்தான் ஐயா சிரித்துக்கொண்டே போன பிறகு, அந்தத் துப்பாக்கியைச் சுட வைப்பதைவிட அது எதனால் கெட்டது என்று தெரிந்துகொள்வதே எனக்குப் பெரிதாகிவிட்டது. துடைக்காமல் விட்டாரா அப்பா? அவர் கையால்தான் கெட்டதா?

முதல் வேலை உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. மடக்கினால்தான் பார்க்க முடியும், மடங்கவில்லை. அதனால் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மணல் மூட்டைக்கு நேராகக் கிடத்தினேன். கீல் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பூட்டுக்குள்ளிருந்து பழுப்பாகப் பிசின் போல் ஒன்று கசிந்தது. முகர்ந்தால் தேங்காய் எண்ணெய். திறக்கவில்லையே என்று ஐயா வீட்டில் யாரோ தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா இதைச் செய்திருக்கமாட்டார். தேங்காய் எண்ணெய் இறுகிவிடும் என்று அவருக்குத் தெரியும். தையல் மெஷின் எண்ணெய்தான் வாங்குவார்.

மறுநாள் மதியம் முழங்காலில் வைத்து மெல்ல அழுத்தியபோது கீல் ஒரு முனகலோடு விட்டது. தோட்டா போடும் அறை இரண்டும் காலி. குழலைக் கழற்றிப் பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டுமே இருட்டு.

குளவி மண்ணை இரும்பால் குத்தக்கூடாது, குழல் கீறிவிடும். மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி, மண்ணெண்ணெயில் நனைத்து, சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். மண்ணோடு காய்ந்த சிலந்திகள் உதிர்ந்தன. குளவி தன் புழுவுக்குச் சேர்த்துவைத்த தீனி. நாலு விரற்கடை ஆழத்தில் மூங்கில் மெத்தென்று எதிலோ இடித்தது. அது மண்ணில்லை.

குழல் துடைக்கும் நீளத் தண்டின் நுனியில் பித்தளைத் திருகு ஒன்றை மாட்டி உள்ளே விட்டு, திருகி இழுத்தேன். சுருட்டித் திணித்த துணி வந்தது. அடுத்த குழலிலிருந்தும் அதே மாதிரி ஒன்று. மேலே எண்ணெய்க் கறுப்பு. பிரித்தால் உள் மடிப்பில் நீலம் அப்படியே இருந்தது. ஒன்றில் இரண்டு தையல் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. நான் வளர வளர அம்மா மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்த கோடுகள். என்னுடைய பள்ளிக்கூடப் பாவாடை.

எழுந்து முதலாளியிடம் ஓடினேன்.

"அண்ணே, சும்மா விடல. அடைச்சு வெச்சிருக்காங்க. குளவி போகக்கூடாதுன்னு உள்ள துணி வெச்சிருக்காங்க. குளவி அதுக்கு மேல கட்டியிருக்கு."

"யாரு வெச்சது?"

"எங்கப்பா."

அவர் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் என்ன, அந்தப் பெரியவரு வாயி அடைஞ்சிச்சு. போயி உள்ள பாரு."

போய்ப் பார்த்தேன். குழலைத் துடைத்துச் சிறிய விளக்கைப் பின்பக்கம் வைத்து முன்பக்கம் கண்ணை வைத்தேன். குழலின் பெரும்பகுதி நன்றாக இருந்தது. வயதான இரும்புக்கு அந்தப் பளபளப்பு அதிகம். துணி இருந்த இடத்தில் மட்டும் துரு வளையமாகத் தின்றிருந்தது. கறையான் அரித்த உத்தரம் போல் பள்ளமும் மேடுமாக. அடுத்ததிலும் அதே வளையம், அதே ஆழத்தில். மழைக்காலத்து ஈரத்தைத் துணி குடித்திருக்கிறது. வெளியே போக வழி இல்லாமல் குளவி மண் மூடியிருக்கிறது. ஈரம் அங்கேயே இருந்து இரும்பைத் தின்றிருக்கிறது.

நாலு பக்கமும் தடிமன் அளந்தேன். ஒரு பக்கம் தகரம் மாதிரி மெலிந்திருந்தது. திரும்பவும் அளந்தேன், கருவி தப்பாகக் காட்டக்கூடாதா என்று.

"இதுல தோட்டா போட்டா?" என்று முதலாளி பின்னால் நின்று கேட்டார்.

"கிழிஞ்சிரும்ணே. பக்கத்துல நிக்கிற ஆளுக்குக் கண்ணு போயிடும்."

பக்கத்தில் நிற்கிற ஆள் என்று சொன்னபோதே எனக்கு அப்பா நிற்பதுபோல் இருந்தது. ஐயா சொன்னது சரிதான். அது அவர் கையால்தான் கெட்டிருக்கிறது. அதுவும் என் பாவாடையால்.

முதலாளி குழலை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "குளவி கட்டுச்சு, துரு ஏறிடுச்சு, அவ்வளவுதான்னு சொல்லிடு. துணியெல்லாம் எதுக்கு? செத்துப்போன மனுஷன இழுத்துக்கிட்டு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் அந்த இரண்டு துணியையும் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குப்பையில் போடத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு துணியை எடுத்தாள். பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது எங்க பாப்பா இருந்துச்சு?"

"தோக்குக்குள்ள. அப்பா அடைச்சு வெச்சிருக்காரு. அதாலதாம்மா துருப்பிடிச்சிருக்கு."

"அவரு எடுத்துருவாரே."

"எடுக்கல. உள்ளயே இருந்துச்சு."

"இல்ல பாப்பா. ஐப்பசில போயி வெப்பாரு. தையில போயி எடுத்துட்டு வந்துருவாரு. பொங்கலுக்கு வீட்டுத் துணியோட சேத்து இதையுந்தான் துவைப்பேன். எண்ணெய் போகவே போகாது, சவக்காரமா தேய்ப்பேன். அடுத்த ஐப்பசிக்கு மறுபடி வந்து கேப்பாரு, எந்துணி எங்கன்னு." துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த வருஷம் துவைக்கத் துணி வரல. எனக்கு நெனப்பே இல்ல."

அந்த வருடம் ஐப்பசியில் அடைத்தவர் கார்த்திகையில் போய்விட்டார். தையில் எடுக்க ஆள் இல்லை. குழலுக்குள் துணி இருக்கிறது என்று நினைப்பு வைத்திருந்த ஒரே ஆள் சுடுகாட்டில் இருந்தார். பிறகு எத்தனை மழை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாவாடை வேணுமின்னு கேட்டாரு. பழைய வேட்டி குடுத்தேன், வேணாம்னுட்டாரு. இது நூலு நெருக்கமா இருக்கு, குளவி கடிச்சாலும் போகாதுன்னாரு" என்றாள்.

புதன்கிழமை ஐயா வந்தார். அதற்குள் மற்ற எல்லா வேலையையும் முடித்திருந்தேன். சுட முடியாத துப்பாக்கிக்கு எதற்கு இவ்வளவு என்று முதலாளி கேட்கவில்லை. பூட்டைப் பிரித்துப் பிசினை எடுத்து, ஸ்பிரிங்கைத் துடைத்து மாட்டினேன். துப்பாக்கியின் மரக்கட்டையில் இருந்த வெடிப்பை ஒட்டி, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினேன். கட்டையின் கீழ்ப்பக்கம் ஓர் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சுடுகிறவர் கை அங்கே போகாது. தோளில் சாய்த்து நடக்கிறவரின் கைதான் அங்கே பிடிக்கும். அந்த இடத்தில் உப்புத்தாள் போடாமல் விட்டுவிட்டேன்.

மடக்கி மூடிக் காட்டினேன். 'டக்' என்று ஒரே சத்தம், ஆட்டம் இல்லாமல். ஐயாவின் முகம் மலர்ந்தது.

"அட, பழைய சத்தம்! தேறிட்ட புள்ள. சுடலாமா?"

"சுடக்கூடாதுங்க ஐயா. எப்பவுமே." குழலைக் கழற்றி விளக்கை வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன். பிறகு துணிகளை மேசைமேல் வைத்தேன். "இதாலதாங்க ஆச்சு. எங்கப்பாதான் வெச்சாங்க."

"நாஞ் சொன்னேன்ல!" என்று நிமிர்ந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன், கெட்டது அவன் கை—"

"குளவி கட்டுனதுக்குக் களத்துல வெச்சுத் திட்டுனீங்க. அதுலேருந்து மழைக்கு முன்னாடி அடைச்சிருக்காங்க. தையில வந்து எடுத்துருவாங்க. எடுத்து, துடைச்சு, காயவெச்சுட்டு வருவாங்க. அந்த வருஷம் கார்த்திகையில எறந்துட்டாங்க. எடுக்க ஆளில்லைங்க."

குரல் உடையாமல் சொல்லி முடித்ததே எனக்குப் போதுமாக இருந்தது. ஐயா குனிந்து துணியைப் பார்த்தார்.

"தையில வருவான்," என்றார். "பொங்கலுக்கு மறுநாளு. கொல்லப்பக்கமா வந்து நிப்பான். நாந்தான் பீரோவத் தொறந்து எடுத்துக் குடுப்பேன். பொங்கப் படி வாங்க வரான், சும்மா வாங்குனா நல்லாருக்காதேன்னு ஒரு சாக்குக்கு இதைத் தொடைக்கிறான்னு நெனச்சேன். ஒரு வேட்டியும் நெல்லும் குடுத்து அனுப்புவேன்."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐயா உட்காரவில்லை.

"அவன் செத்துப்போன வருஷமும் வேட்டி எடுத்து வெச்சிருந்தேன். வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

நீங்கள் ஒருமுறையாவது நின்று அவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கலாம் என்று நாக்கு வரை வந்தது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து விட்டுவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க முதலாளியே கூடப் போனார். போகும்முன் ஐயா ஒருமுறை அதைக் கையில் வாங்கி, மடக்கி, மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார், பழைய நாளில் பின்னால் நிற்கிறவரிடம் நீட்டுவதுபோலவே, திரும்பிப் பார்க்காமல். நான் வாங்கிப் பையில் போட்டுக் கட்டினேன். என் கை அந்த வழுவழுப்பான இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது.

துணிகள் என்னிடம் இருந்தன. அடுத்த ஞாயிறு அம்மா அவற்றைச் சவக்காரம் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். பொங்கலுக்கு இன்னும் பல மாதம் இருந்தது. எண்ணெய்க் கறை அப்படியேதான் இருந்தது.

அப்பா நினைத்ததில் ஒன்றே ஒன்றுதான் குறை. குளவி போகக்கூடாது, ஆனால் காற்று போக வேண்டும். அந்த ஒன்றை யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் போதும். நான் படித்த படிப்பு அதைச் சொல்லும் அளவுக்கு இருந்தது. கடைசி ஐப்பசியில் அவர் துணி கேட்டபோது நான் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தேன்.

லேத்தில் பித்தளைக் கம்பியைக் கடைந்து, குழல் வாயில் செருகுகிற மாதிரி இரண்டு மூடிகள் செய்தேன். உள்ளே துளை, துளையின்மேல் மண்ணெண்ணெய் வடிகட்டுகிற மெல்லிய பித்தளை வலை வைத்துப் பற்றவைத்தேன். முதல் ஜோடி வழுக்கி விழுந்தது, இரண்டாவது இறுகிக்கொண்டு வரவில்லை. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. மறந்துபோய் யாரும் அப்படியே சுட்டுவிடக்கூடாது என்று இரண்டையும் சேர்த்து நீளமான சிவப்புக் கயிறு கட்டினேன். அது விசைவரை தொங்கும். விரலை வைத்தால் கயிறுதான் முதலில் கையில் படும்.

போன வாரம் திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் துப்பாக்கியைத் துடைக்கக் கொண்டுவந்தார். வாயில் துணி அடைத்திருந்தது. எடுத்துக் காட்டி, காரணம் சொல்லி, மூடிகளைச் செருகிக் கொடுத்தேன். தையில் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். "மறந்துருவேனேம்மா" என்றார்.

"நானே வந்து பாக்குறேங்க" என்று சொல்லி, அவர் ஊருக்குப் போகும் பஸ்ஸையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.